உள்ளே தங்கிய குண்டு: ஒரு 7×57 மௌசரின் கதை

மாலை ஐந்து மணி தாண்டியிருந்தது. ஜூன் கடைசி. தென்னாப்பிரிக்காவில் ம்கூசே பக்கத்து முட்காட்டில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் மங்கிவிடும். நியாலா மான் எதுவும் தண்ணீருக்கு வரவில்லை. சரி, கிளம்பலாம் என்று மாமா துப்பாக்கியைக் காலி செய்ய அதன் பின்பூட்டான போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பிடித்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டது. வெளியே வந்தது வெறும் பித்தளைக் கூடு. அதிலிருந்த வெடிமருந்து முழுக்க, கருஞ்சீரகம் கொட்டினாற்போல், தோட்டாப் பெட்டிக்குள்ளும் போல்ட் ஓடும் தடத்திலும் சிதறிக் கிடந்தது. குண்டைக் காணவில்லை.

"தம்பி, நம்ம தோட்டா பாதி உள்ளேயே நின்னுடுச்சு" என்றார் மாமா.

கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். தோட்டா உட்காரும் அறையின் முன்வாயில், குழல் தொடங்கும் இடத்தில், குண்டின் தட்டையான அடிப்பாகம் செம்பு நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. பெட்டியில் இருந்த மற்ற மூன்றையும் எடுத்துப் பையில் போட்டோம். அன்றைய வேட்டை அவ்வளவுதான். அந்தத் தோட்டாக்கள் என் மேசையில் தயாரானவை. தோட்டா அடைக்கும் கருவியின் கைப்பிடியை இழுத்தது மாமா, ஏனென்றால் உரிமம் அவர் பெயரில். ஆனால் அளவு சொன்னவன் நான். ஆகவே இது என் தப்பைப் பற்றிய ஆய்வு.

துப்பாக்கியும் குடும்பமும்

மாமா எனக்குச் சொந்தமில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அடுத்த தெருக்காரர். கோயம்புத்தூரில் லேத்தில் கை பழகி, இங்கே வந்து டூல் ரூமில் வேலை பார்க்கும் எனக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இலை போடும் வீடு அவருடையது. அவருடைய அப்பாவை நாங்கள் எல்லோரும் தாத்தா என்போம். நேட்டால் வடகரையில் கரும்பு போட்டிருந்தார். கரும்புக்குப் புதர்ப்பன்றி பெரிய எதிரி. ஒரே இரவில் வரிசை வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போகும். அதற்காக வாங்கியதுதான் இந்த ரைஃபிள். தாத்தா போனபின் அது மாமாவுக்கு வந்தது. வந்தது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தகுதிச் சான்று, உரிமம், சுவரில் பதித்த இரும்புப் பெட்டி எல்லாம் முடிய மாமா நடந்த நடை தனிக் கதை.

துப்பாக்கியின் பக்கவாட்டில் 'மௌசர் 1896' என்றும் பெர்லினின் லூட்விக் லோவே தொழிற்சாலைப் பெயரும் பொறித்திருக்கிறது. டிரான்ஸ்வால் குடியரசும் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டும் ஆங்கிலேயரோடு நடந்த போயர் போருக்கு முன் வாங்கிக் குவித்த வகை. 1900 ஜனவரியில் ஸ்பியோன் கோப் மலையில் இந்த வகை ரைஃபிள்கள்தான் ஒரு பக்கம் வெடித்துக்கொண்டிருந்தன. மலையடியில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அதில் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகள், பலர் தமிழர். இதைச் சொல்லும்போதெல்லாம் மாமா துப்பாக்கியை ஒருமுறை தடவிக் கொடுப்பார். அந்த முத்திரையை நான் படித்ததும், அதை அப்படியே நம்பியதும்தான் கோளாறின் தொடக்கம்.

ஏன் கனமான குண்டு

வேட்டைக்காரர் அல்லாதவர்களுக்கு ஒரு வரி: தோட்டா என்பது முழுசும், பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. பறப்பது குண்டு மட்டும். குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். 175 கிரெயின் என்றால் 11.3 கிராம்.

7×57 தோட்டா 1892-இல் பிறந்தபோது அதன் குண்டு 173 கிரெயின், உருண்டை மூக்கு, நொடிக்குச் சுமார் 700 மீட்டர். நீளமான அந்தக் குண்டைச் சுழற்றி நேராக நிறுத்தக் குழலின் உட்புரி, அதாவது உள்ளே சுருளாக வெட்டிய பள்ளம், 220 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்று வெட்டினார்கள். குண்டு புரியைத் தொடுமுன் கடக்கும் வெற்றுவெளியையும், தொண்டை என்போம், நீளமாக விட்டார்கள். பிற்காலத்தில் வந்த 140 கிரெயின் குண்டு வேகமானது, ஆனால் குட்டை. பழைய தொண்டையில் அது புரியைத் தொடுமுன் வெகுதூரம் தாவ வேண்டும். சில துப்பாக்கிகள் அதைப் பொறுத்துக்கொள்ளும், சில பொறுத்துக்கொள்ளாது.

மாமாவின் காரணம் வேறு. தாத்தாவின் தகர டப்பா ஒன்று. உள்ளே பன்னிரண்டு பழைய தோட்டாக்கள், எல்லாம் நீண்ட உருண்டை மூக்கு. "தாத்தா ஒரே வெடிதான் வைப்பாரு. பன்னி அங்கேயே உக்காந்துடும். அந்தக் குண்டுதான் எனக்கு வேணும்" என்றார். அதோடு, 140 கிரெயினை வேகமாக விட்டு ஒரு இம்பாலா மானைக் கிட்டத்தில் சுட்டதில் முன்தொடை முழுக்க ரத்தம் கட்டிப்போய், ஆயா பாதிக் கறியைக் கழித்துக் கொட்டியதும் அவருக்கு மறக்கவில்லை. நியாயமான காரணம். கிட்டத்தில் அடிக்கும்போது மெதுவாகப் போகும் கனமான குண்டு கறியை அவ்வளவாகக் கெடுக்காது, ஆழமாகவும் இறங்கும். கனமான குண்டு புதரைப் பிளந்துகொண்டு நேராகப் போகும் என்று இங்கே பலர் சத்தியம் செய்வார்கள். அதை நான் நம்பவில்லை. ஒரு சுள்ளி எந்தக் குண்டையும் திருப்பிவிடும்.

மேசையில் செய்தது

175 கிரெயின் உருண்டை மூக்குக் குண்டு ஒரு பெட்டி, சோம்கெம் எஸ்365 மருந்து, ஒரே கம்பெனியின் கூடுகள் இருபது. மருந்தின் அளவை இங்கே எழுதமாட்டேன். அது தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து வர வேண்டியது, அடுத்தவன் வாயிலிருந்து அல்ல. கையேட்டின் தொடக்க அளவையே எடுத்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

இந்த வகை மௌசரில் பிற்கால 98 மாடலில் வந்த, போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் மூன்றாவது பூட்டுக் காது கிடையாது. கூடு கிழிந்தால் வாயுவைத் திருப்பிவிடும் ஏற்பாடும் குறைவு. இந்தப் பழைய துப்பாக்கிகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால்தான் அமெரிக்கத் தர அமைப்பு 7×57-க்கு உச்ச அழுத்தத்தை 51,000 பிஎஸ்ஐ என்று அடக்கி வைத்திருக்கிறது. ஐரோப்பாவின் தர அமைப்பான சிஐபி 3,900 பார், அதாவது 56,500 பிஎஸ்ஐக்கு மேல், விடுகிறது. ஒரே தோட்டாவுக்கு இரண்டு கையேட்டில் இரண்டு அளவு ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. நாங்கள் அடங்கிய பக்கத்தில் நின்றோம்.

அடங்காதது குண்டை உட்கார வைத்த நீளம். பழைய துப்பாக்கி, ஆகவே நீளத் தொண்டை, ஆகவே குண்டை வெளியே தள்ளி உட்கார வைக்கலாம். அப்படித்தான் கணக்குப் போட்டேன். சிஐபி அனுமதிக்கும் உச்ச நீளம் 78.00 மில்லிமீட்டர். பெட்டியிலும் இடம் இருந்தது. 78.0-இல் நிறுத்தினேன். குண்டை வெளியே வைத்தால் கூட்டுக்குள் இடம் மிஞ்சும், அழுத்தம் குறையும், தாவும் தூரமும் குறையும் என்று மாமாவுக்குப் பாடம் வேறு எடுத்தேன். டூல் ரூமில் வரைபடத்தைப் பார்த்து மட்டும் ஒரு பொருளைப் பாஸ் செய்தால் என் மேஸ்திரி என்ன சொல்வார் என்று தெரியும். வீட்டு மேசையில் அதையே செய்தேன்.

மைதானத்தில் கண் முன்னால் நின்றவை

இருபதில் பதினாறை மைதானத்தில் சுட்டோம். அன்று மலைக்காற்று. குளிர்காலத்தில் திடீரென்று உள்நாட்டிலிருந்து இறங்கி ஊரையே அடுப்பில் வைக்கும் அந்த வறண்ட காற்று. திரும்பிப் பார்த்தால் மூன்று விஷயங்கள் அன்றே எங்கள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன.

முதலாவது வேகம். அந்தத் தொடக்க அளவுக்கு, அந்தக் குழல் நீளத்துக்கு, 680 மீட்டர் போல எதிர்பார்த்தேன். வேகமானி 713 காட்டியது. "பாத்தீங்களா மாமா, நல்ல குழல்" என்று சிரித்தேன். மருந்தைக் கூட்டாமல் வேகம் கூடினால் அது அழுத்தத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். சும்மா கிடைக்கும் வேகம் என்று ஒன்று கிடையாது.

இரண்டாவது, பிரைமர்களின் விளிம்பு லேசாகத் தட்டையாகியிருந்தது. கடைசி நான்கைந்து வெடிகளில் போல்ட்டைத் தூக்கக் கொஞ்சம் அழுத்தம் தேவைப்பட்டது. வெயில், துப்பாக்கி சூடாகிவிட்டது என்று காற்றின் தலையில் கட்டினோம்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது. ஒவ்வொரு தோட்டாவை ஏற்றும்போதும் போல்ட்டை மூடக் கடைசியில் ஒரு தள்ளு தேவைப்பட்டது. 98 மௌசரில் திறக்கும்போது ஊசியின் சுருள்வில் இறுகும். 95, 96 வகைகளில் மூடும்போது இறுகும். ஆகவே மூடும்போது கையில் ஒரு எதிர்ப்பு இருப்பது இந்தத் துப்பாக்கியின் பிறவிக் குணம். குண்டு புரியில் போய் இடிக்கும் எதிர்ப்பு, வில்லின் எதிர்ப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. 98-ஆக இருந்திருந்தால் முதல் தோட்டாவிலேயே கைக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. மைதானத்தில் ஏற்றியதையெல்லாம் சுட்டுவிட்டோம். சுடாத தோட்டாவை ஒரு தடவைகூடத் திரும்ப வெளியே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் காட்டில் நடந்தது அங்கேயே நடந்திருக்கும்.

காட்டிலிருந்து மேசைக்கு

அன்று இரவு தங்குமிடத்தில் மருந்தை ஊதித் துடைத்துவிட்டு, குழலின் வாய்ப்பக்கமிருந்து சுத்தம் செய்யும் கம்பியை விட்டு மெதுவாகத் தட்டினேன். நாலாவது தட்டில் குண்டு விடுபட்டு அறைக்குள் விழுந்தது. இன்னொரு தோட்டாவை அடித்து ஏற்றி அதைத் தள்ளிவிடலாம் என்று பக்கத்து முகாம்காரர் ஒருவர் யோசனை சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தோம். அப்படி ஏற்றினால் புதுக் குண்டு கூட்டுக்குள் அமுங்கும், முன்னால் இன்னொரு குண்டு அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குமேல் யாராவது விசையை இழுத்தால் துப்பாக்கியில் மிஞ்சுவது எது என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து முதலில் வழக்கமான குற்றவாளிகளை விசாரித்தேன். மீதி மூன்று தோட்டாக்களைச் சுத்தியல் இழுப்பானில் தட்டிப் பிரித்தேன். மருந்து மூன்றிலும் பத்தில் ஒரு கிரெயினுக்குள் ஒத்துப்போனது. தராசு குற்றமற்றது. கூடுகளின் நீளம் 57 மில்லிமீட்டருக்குள். கழுத்து நீண்டு தொண்டையில் நெரிபடவில்லை. கழுத்தின் பிடியும் சரி. பார்க்கப்போனால் அந்த மாலை நடந்தது ஒரு இழுபறிதான்: பின்னாலிருந்து கழுத்து பிடித்திருந்தது, முன்னாலிருந்து புரி பிடித்திருந்தது, புரி ஜெயித்தது.

அப்புறம் அந்தக் குண்டை லென்ஸுக்கு அடியில் வைத்தேன். வளைவு தொடங்கும் இடத்தில் புரியின் மேடுகள் பதிந்த சின்னச் சின்னக் கீறல்கள், ஒவ்வொன்றும் அரிசிக் குருணை நீளம். தேதி கிழிக்கிற மாதிரி எண்ணிக்கொண்டு போனேன். ஆறு. திரும்ப எண்ணினேன். ஆறுதான்.

மௌசர் ராணுவக் குழலில் புரிப்பள்ளம் நான்கு. லோவே தொழிற்சாலையிலிருந்து வந்த குழலானால் நாலு கீறல்தான் இருக்க வேண்டும்.

கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றிக் குழலுக்குள் தள்ளி, கைப்பிடியில் ஒரு கோடு போட்டு, அது ஒரு முழுச் சுற்று வர எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று அளந்தேன். 240 மில்லிமீட்டர். 220 இல்லை. மரக்கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கம் பார்த்தோம். உடலில் இருக்கும் வரிசை எண் குழலில் இல்லை. உடல் 1896, குழல் எப்போதோ மாற்றியது.

"மாமா, தாத்தா இதைப் பட்டறைக்குக் குடுத்தாரா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் சின்னப் பையன். கொழாய் உள்ளே துரு தின்னுடுச்சின்னு தர்பனுக்குக் கொண்டுபோனாரு. ரொம்ப நாள் வீட்டிலே துப்பாக்கி இல்லே. பன்னிக்கு டின்னைத் தட்டித்தான் வெரட்டினோம்." கடலோர உப்புக் காற்று, அந்தக்காலப் பிரைமர்களோ பொட்டாசியம் குளோரேட் கலந்தவை, வெடித்தபின் குழலில் உப்பை விட்டுப்போகும். வெந்நீர் விட்டுக் கழுவாத குழல் எத்தனை நாள் தாங்கும்?

கடைசியாக, முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். போல்ட்டை மூடி, வாய்ப்பக்கமிருந்து தட்டைமுனைக் கம்பியைப் போல்ட்டின் முகம் வரை விட்டு ஒரு கோடு. போல்ட்டைக் கழற்றி, குண்டு ஒன்றை அறை வழியாக விட்டுப் புரியில் தொடும்வரை மென்மையாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கம்பியை அதன் மூக்குவரை விட்டு இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே வெர்னியர் வைத்தால் இந்தக் குண்டு இந்தக் குழலில் புரியைத் தொடும் நீளம் கிடைத்துவிடும். ஐந்து முறை அளந்தேன். 76.9 மில்லிமீட்டர். நான் உட்கார வைத்தது 78.0. ஒவ்வொரு குண்டையும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் புரிக்குள் அடித்துத்தான் மூடியிருக்கிறோம். நகர இடமில்லாமல் நெரித்துக்கொண்டு தொடங்கும் குண்டு அழுத்தத்தை ஏற்றும். வேகமும், பிரைமரும், கனத்த போல்ட்டும் அதிலிருந்தே வந்தவை. தொடக்க அளவைவிட மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு யோசித்தேன், தூக்கம் வரவில்லை.

தர்பன் பட்டறைக்காரர் குட்டைத் தொண்டை வைத்திருக்கிறார். 140 கிரெயின் பிரபலமாக இருந்த காலத்தில் அதற்கேற்ப வெட்டியிருக்கலாம். அவர் வேலையில் குறை ஒன்றும் இல்லை. கேட்காமல் விட்டது நான்.

ஒரு விஷயத்தில் மட்டும் தற்செயலாகத் தப்பித்தோம். 1879-இல் கிரீன்ஹில் சொன்ன பழைய சூத்திரம் இருக்கிறது: குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால், அந்தக் குண்டுக்குத் தேவையான புரியின் சுற்று கிடைக்கும். எங்கள் உருண்டை மூக்கு 30.6 மில்லிமீட்டர் நீளம், விட்டம் 7.21. விடை சுமார் 255. குழல் 240, ஆகவே போதும். அதே 175 கிரெயினில் கூர்மூக்கு வாங்கியிருந்தால் நீளம் 34-ஐ ஒட்டி வரும், தேவை 230-க்குக் கீழே போய்விடும். பழைய 220 குழலுக்குச் சரி, இதற்கு இழுபறி. எடை ஒன்றுதான், புரி கேட்பது எடையை அல்ல, நீளத்தை. யானை வேட்டைக்காரர் கரமோஜா பெல் 173 கிரெயின் குண்டில் யானை சுட்டார் என்ற பெருமையெல்லாம் அவர் துப்பாக்கியின் பெருமை. இந்தத் துப்பாக்கியின் ஜாதகம் தனி.

இரண்டாம் முறை

76.1 மில்லிமீட்டரில் உட்கார வைத்தோம், புரிக்கு 0.8 முன்னால். குண்டு ஆழமாக இறங்கினால் கூட்டுக்குள் இடம் குறையும் என்பதால் மருந்தைத் தொடக்க அளவுக்கும் கொஞ்சம் கீழே இறக்கினோம். மருந்தில்லாத போலித் தோட்டா இரண்டு செய்து, முழுக்க மையடித்து, ஏற்றி இறக்கிப் பார்த்தோம். மை கலையவில்லை. வேகம் 671. பிரைமரின் விளிம்பு உருண்டையாகவே இருந்தது. ஐம்பது மீட்டரில், திறந்த குறியில், மூன்று துளையும் ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தைக் கொஞ்சம் மீறின. போல்ட் மூடும்போது இப்போது வில்லின் தள்ளு மட்டும்தான். இரண்டு தள்ளுக்கும் என்ன வித்தியாசம் என்று மாமாவின் கை கற்றுக்கொண்டது. சுடாத தோட்டாவை வெளியே எடுத்துப் பார்ப்பதை ஒவ்வொரு தடவையும் செய்கிறோம்.

உடனே காட்டுக்குப் போக முடியவில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீடு அது. அந்த மாதம் கத்தியைக்கூடக் கையில் எடுக்கமாட்டார்கள். ஆடி முடிந்து, புரட்டாசி விரதத்துக்கு முன், ஆகஸ்ட் கடைசியில் ஒரு கரும்புத் தோட்ட ஓரத்தில் நாற்பது அடி தூரத்தில் பெரிய பன்றி ஒன்று. ஒரே வெடி. குண்டு மறுபக்கத் தோலுக்கு அடியில் காளான் மாதிரி விரிந்து கிடந்தது. கழுவி எடை போட்டேன், 151 கிரெயின். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே கெட்டுப்போன கறி ஒரு கைப்பிடிகூடத் தேறாது. ஆயா ஒன்றும் சொல்லவில்லை. சட்டி நிறைய மிளகு போட்டு வறுத்தார், அதுதான் பதில்.

தகர டப்பா

அந்த வெற்றியில் மாமா தாத்தாவின் டப்பாவை மறுபடி எடுத்து வந்தார். "இந்தப் பன்னெண்டையும் சுட்டுப் பாத்துடலாமா?" வேண்டாம், அத்தனை பழையது என்றேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை, வெர்னியரை எடுத்து அளந்தேன். 77.7, 77.8, 77.7. உருண்டை மூக்கு, நீளமாக உட்கார வைத்தது, பழைய ராணுவத் தொண்டைக்குப் பொருத்தமான தோட்டா. லென்ஸை எடுத்தேன். ஒன்பதில் ஒன்றுமில்லை. மூன்று குண்டுகளின் வளைவில், பச்சை பிடித்த செம்புக்கு அடியில், ஊசியால் கிழித்தாற்போல் மெல்லிய கோடுகள். திருப்பித் திருப்பி எண்ணினேன். ஒவ்வொன்றிலும் ஆறு.

புதுக் குழல் வந்ததும் தாத்தா மூன்றை ஏற்றிப் பார்த்திருக்கிறார். கை சொன்னதைக் கேட்டு மெதுவாகத் திரும்ப எடுத்து, டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டார். பன்றியை அங்கேயே உட்கார வைத்த அந்த ஒரே வெடி எந்தக் குண்டு என்று மாமா கேட்டார். அலமாரியின் அடித்தட்டில் தாத்தாவின் காலிக் கூடுகள் ஒரு பையில் இருந்தன. அட்டைப் பெட்டி ஒன்றும் நசுங்கிக் கிடந்தது. அதன் ஓரத்தில் எண் அச்சிட்டிருந்தது: 140.